பாம்புக்குத் தீனி வைப்பது யார்?

நம் கால்நடைத் துறை வாட்ஸப் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் டாக்டர்கள் எல்லோருக்கும் அந்த வீடியோ வந்திருக்கும். வராதவர்களுக்கு இன்றோ நாளையோ வந்துவிடும். பதினான்கு நொடிதான் ஓடும். நரைத்த மீசைக்காரர் ஒருவர் நீளமான இடுக்கியில் ஒரு எலிக்குஞ்சைப் பிடித்துக்கொண்டு, பற்றவைத்த அணுகுண்டுப் பட்டாசை நீட்டுவதுபோல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் நீட்டுவார். உள்ளேயிருந்து சுண்டுவிரல் மொத்தத்தில் ஓர் ஆரஞ்சு நிறப் பாம்பு பாய்ந்து அதைக் கவ்வும். மீசைக்காரர் அலறுவார். அந்த அலறலை யாரோ ஒரு புண்ணியவான் ரிங்டோனாக வைத்திருப்பதாகவும் கேள்வி.

அந்த மீசை என்னுடையது. அலறலும் என்னுடையதே. மறுக்க வழியில்லை, முகம் அவ்வளவு தெளிவாக விழுந்திருக்கிறது. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "சார், அந்தப் பாம்பு டாக்டர் நீங்கதானே?" என்கிறார். இருபத்தாறு வருடம் மாட்டுக்குக் கன்று இழுத்த கைக்குக் கடைசியில் மிஞ்சிய பட்டம் இது. ஆகவே அந்தப் பதினான்கு நொடிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிரித்து முடித்துவிட்டு வாருங்கள். இதில் உங்கள் வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதை நான் கற்றுக்கொள்வதற்குள் ஐந்து பாம்புகள் சாவின் வாசல்வரை போய் வந்துவிட்டன.

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். மாடு, ஆடு, கோழி, எப்போதாவது ஒரு நாய். பாம்பு என்றால் வரப்பில் மேய்ந்த மாட்டைக் கடித்த பாம்பு, அவ்வளவுதான் உறவு. அதுவும் நான் போய்ச் சேர்வதற்குள் நாகரிகமாக இடத்தைக் காலி செய்திருக்கும். இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நாளில், வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் யாழினி என்ற பெண் வந்து நின்றாள்.

"சார், நீங்க பாம்பு பாப்பீங்களா?"

பார்த்தால் ஓடுவேன் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெள்ளைக் கோட்டு விடவில்லை. "பாப்போம்மா, சொல்லு" என்றேன்.

அவளிடம் ஐந்து கார்ன் ஸ்நேக் குட்டிகள் இருந்தன. வெளிநாட்டு இனம், விஷம் கிடையாது. நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாது. இவற்றுக்கு முறையாகப் பதிவு செய்த சான்று கையில் வைத்திருந்தாள். ஒன்றரை வயதுக் குட்டிகள். குறுவை, சம்பா, தாளடி, பொன்னி, கிச்சிலி என்று பெயர். பெயர் வைத்தது அவள் அம்மா. வீட்டுக்கு நெல் வயல் இருந்தது. அம்மாவுக்கு வேறு பெயர் தோன்றவில்லையாம். ஐந்தில் ஒரு குட்டி எப்போதும் ஒல்லி. அவன்தான் தாளடி.

விஷயம் இதுதான். இந்தப் பாம்புகளின் சொந்த நாட்டில் பனிக்காலம் கடுமையானது. அப்போது அவை எங்காவது புகுந்துகொண்டு, தின்னாமல், அரைத் தூக்கத்தில் சில வாரம் கிடக்கும். வளர்ப்பவர்களில் சிலர் அதே மாதிரி குளிரூட்டி ஓய்வு கொடுப்பார்கள். குட்டிகளுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் நம் மார்கழி இருக்கிறதே, பாம்பைப் பொறுத்தவரை அது ரெண்டுங்கெட்டான். ஒழுங்காகத் தூங்கவும் குளிர் பற்றாது, தின்றதைச் செரிக்கவும் சூடு பற்றாது. முந்தின வருடம் மழையில் கரண்ட் போய்ப் போய் வந்து, டப்பாவுக்கு அடியில் விரிக்கும் சூட்டுப் பாய் வேலை செய்யாமல், குட்டிகள் இளைத்துப்போயின. இந்த முறை அரைகுறையாக விடாமல் முறையாகவே குளிர வைத்துவிடலாம் என்பது யாழினியின் திட்டம்.

திட்டத்தைக் கேட்டபோது எனக்கே பெருமையாக இருந்தது. மூடிப்போன ஒரு பேக்கரியிலிருந்து கண்ணாடிக் கதவு போட்ட பழைய கூல்டிரிங்க்ஸ் பெட்டியை வாங்கி, பதிமூன்று டிகிரியிலேயே நிற்கும்படி, மாறினால் அவள் போனுக்குத் தகவலும் அனுப்பும்படி, ஒரு கருவி பொருத்தியிருந்தாள். பாட்டில் அடுக்கும் தட்டுகளில் துளை போட்ட ஐந்து டப்பாக்கள். படிப்படியாகச் சூட்டைக் குறைத்து உள்ளே வைக்க வேண்டும்.

"வயிறு காலியா இருக்கணும்மா. அதுதான் முக்கியம்" என்றேன். அவள் சான்றை எடுத்துக் காட்டிய நேரத்தில்தான் போனில் தேடிப் படித்திருந்தேன்.

"தெரியும் சார். மூணு வாரம் தீனி நிறுத்திட்டுத்தான் உள்ள வைக்கணும். இல்லன்னா வயித்துல இருக்கறது செரிக்காம அழுகிடும்."

"கரெக்ட்" என்றேன், ஏதோ நான்தான் சொல்லிக்கொடுத்ததுபோல. பிறகு அவள் குட்டிகளைப் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட்டாள். நாலு அடி தள்ளி நின்று, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்று ஐந்து முறை சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் நான் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, அதே ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம். எண்பது மாட்டிடம் உதை வாங்கிய களைப்பில், நானும் எங்கள் மருந்தக உதவியாளரும் யாழினி வீட்டுப் பக்கமாக வந்தோம். உதவியாளர் என் வயதுக்காரப் பெண்மணி. பெயரை எழுதக் கூடாது என்று உத்தரவு. "என் பேரப் போட்டீங்கன்னா நடந்தது முழுசையும் நான் சொல்ல வேண்டி வரும் சார்" என்று மிரட்டியிருக்கிறார்.

யாழினி ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருந்தாள். அவள் அம்மா சந்திரா வரவேற்றார். ஹாலின் மூலையில் கூல்டிரிங்க்ஸ் பெட்டி மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. கதவில் ஆரஞ்சு பானத்தின் விளம்பரப் படம், அதற்குப் பின்னால் ஆரஞ்சுப் பாம்புகள். பொருத்தமாகத்தான் இருந்தது.

"முந்தாநாள் சாயங்காலம்தான் சார் உள்ள வெச்சேன். அவ சொன்ன மாதிரியே, டிகிரியெல்லாம் பார்த்து" என்று காபி டம்ளரை நீட்டினார் சந்திரா அம்மா. "பாவம், மூணு வாரமா ஒன்னும் குடுக்க விடல அவ. ஊருக்குப் போறவங்கள வெறும் வயித்தோட அனுப்புவோமா? அவ பஸ் ஏறினதும் ஆளுக்கு ஒரு எலி குடுத்தேன். தாளடி இளைச்சவன், அவனுக்கு ரெண்டு. என்னமா சாப்பிட்டானுங்க தெரியுமா!"

காபி என் சட்டையில் இருந்தது. எப்போது கொட்டியது என்று தெரியாது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் பக்கத்தில் ஊருக்குக் கிளம்புகிறவனைச் சாப்பிட வைக்காமல் படியிறங்க விட்ட வீடு உண்டா? ஒன்றரை மாதம் தின்னாமல் தூங்கிக் கிடக்கப் போகும் குட்டிகள். அவர் கணக்கில் அது நீண்ட பயணம். வழியனுப்பி வைத்திருக்கிறார்.

என் மூளை மட்டும் வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு எலி, ஐந்து வயிறு, பதிமூன்று டிகிரி, இரண்டு நாள். உள்ளே செரிமானம் நின்றிருக்கும், அழுகல் நின்றிருக்காது.

பதற்றத்தில் ஒரு மருத்துவர் என்னவெல்லாம் செய்வார் என்பதற்கு அடுத்த சில நிமிடங்களை நீங்கள் பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். முதலில் நான் அதட்டலாகக் கேட்ட கேள்வி: "என்ன எலி? வயல் எலியா?"

சந்திரா அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கடையில வாங்கின எலி சார், ஃப்ரீசர்லேர்ந்து எடுத்து வெந்நியில நனைச்சுக் குடுத்தேன். வயல் எலிக்கு மருந்து வெச்சிருப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா? நாப்பது வருஷமா விவசாயம் பாக்குறோம்."

சரி, விஷமில்லை. அடுத்து மருந்துப் பெட்டியைத் திறந்தேன். அழுகலுக்கு எதிராக ஏதாவது ஊசி போட்டே ஆக வேண்டும் என்று கை துடித்தது. பெட்டி மாட்டு முகாமுக்குக் கட்டியது. அதிலிருந்த மிகச் சிறிய ஊசியை எடுத்து, தாளடியின் டப்பாவுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். உதவியாளர் என் கையிலிருந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

"சார், இது யாருக்கு? உங்களுக்கா?"

"பாம்புக்கு."

"ஊசிக்குள்ள பாம்பு போயிடும் சார்."

பிறகு வயிற்றை அமுக்கி எலியை வாய் வழியாக வெளியே தள்ளிவிடலாமா என்றேன். "தொட்டுடுவீங்களா?" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பிறகு மொட்டை மாடி வெயிலில் டப்பாக்களை வைத்துவிடலாம் என்றேன். சந்திரா அம்மா உடனே பாயைத் தேடப் போய்விட்டார். வடாம் காயப்போடும் அதே இடத்தில் ஐந்து பாம்புகள் காய்வதாக மனதில் ஒரு படம் ஓடியது. அப்போதுதான் கொஞ்சம் நிதானம் வந்தது.

நின்றேன். உண்மையாகவே நின்றேன், வெறுங்காலில். கம்பூட்ஸை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டார்கள். பாம்பு வீட்டில் வெறுங்காலில் நிற்பவனுக்குத் தானாகவே கவனம் கூடும்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது என்ன? குளிரில் வைத்திருந்தால் உள்ளே இருப்பது கெட்டுக்கொண்டே போகும். ஆகவே வெளியே எடுக்க வேண்டும், இப்போதே. வெயிலில் வைத்தால் குட்டி உடம்பு ஒரேயடியாகக் கொதித்துவிடும். ஆகவே படிப்படியாக. தொட்டு, தூக்கி, அமுக்கினால் கக்கும்; கக்கினால் தொண்டை புண்ணாகும், உடம்பு வற்றும். ஆகவே யாரும் தொடக் கூடாது. இவ்வளவுதான். பட்டியலில் ஊசி இல்லை, மருந்து இல்லை, எனக்கு வேலையே இல்லை. ஒரு டாக்டருக்கு இதைவிட வேதனை வேறு கிடையாது.

டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஹால் நிழலில் வைத்தோம். தூக்கியவர் உதவியாளர், மேற்பார்வை நான். சில மணி நேரம் கழித்து, ஒரு ஓரம் மட்டும் சூடாகும்படி பழைய சூட்டுப் பாயின் மேல் நகர்த்தினோம். சூடு வேண்டுமென்றால் பாம்பு தானே அந்தப் பக்கம் வரும், வேண்டாமென்றால் போகும். பக்கத்தில் சுத்தமான தண்ணீர். மேலே ஒரு துணி.

இதற்கு நடுவில் யாழினி போன் செய்தாள். சந்திரா அம்மா இரண்டு கையையும் கூப்பி என்னைப் பார்த்தார். "சார், அவகிட்ட சொல்லாதீங்க. அங்க அழுதுட்டு உக்காந்திருப்பா."

"எல்லாம் நல்லா இருக்கும்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பத்து நிமிடம் அந்த வார்த்தை தொண்டையில் எலி மாதிரியே நின்றது. பதிமூன்று டிகிரிக்கு மேல் ஏறினால் அந்தக் கருவி அவள் போனுக்குத் தகவல் அனுப்பிவிடும் என்பதும் கொஞ்சம் ஞாபகம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். நானே திரும்பக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "தாளடிக்கும் குடுத்தாங்களா?"

"ரெண்டு."

"அவன் பொழைப்பானா சார்?"

நம் தொழிலில் இந்தக் கேள்விக்கு ஒரு வழக்கமான பதில் இருக்கிறது, உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். "பார்க்கலாம்." நான் அதைச் சொல்லவில்லை. "தெரியலம்மா. மத்த நாலும் பொழைக்கும்னு நெனைக்கிறேன். அவனுக்குத் தெரியல. தினமும் வந்து பார்க்கிறேன்" என்றேன். அழுதாள். ஆனால் என்னை நம்பினாள். முதலில் சொன்ன பொய்யோடு நின்றிருந்தால் இரண்டும் நடந்திருக்காது.

அதன் பிறகு காத்திருப்பு. தினமும் மருந்தகம் போகும் வழியில் உதவியாளரோடு அந்த வீட்டுக்குள் தலையை நீட்டி நான் கேட்ட ஒரே கேள்வி, "கழிஞ்சுதா?" சூட்டில் செரிமானம் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தால் அது வால் பக்கம் வெளிப்பட வேண்டும். நான்காம் நாள் குறுவை கழிந்தான். சந்திரா அம்மா வாசலுக்கே ஓடிவந்து அறிவித்தார். எதிர் வீட்டுக்காரர் யாருக்கோ பரீட்சை பாஸ் என்று நினைத்துக்கொண்டார். மறுநாள் பொன்னியும் சம்பாவும். அதற்கு அடுத்த நாள் கிச்சிலி. நான்கு பாம்பின் எச்சத்தைப் பார்த்து மூன்று பெரியவர்கள் அப்படிப் பூரித்து நின்றதை வேறு தொழிலில் இருப்பவர்கள் பார்த்திருந்தால் எங்களைத் தனியாக எங்காவது சேர்த்திருப்பார்கள்.

தாளடி மட்டும் இரண்டாம் நாளே கக்கிவிட்டான். இரண்டு எலியும் வெளியே. அந்த நாற்றத்தைப் பற்றி எழுத எனக்குத் தமிழ் போதாது. அவன் உயிரோடு இருந்தான், ஆனால் பக்கவாட்டில் தோல் மடிந்து தொங்கியது.

இனிதான் கஷ்டமான கட்டம். கக்கிய பாம்பின் வயிறு ஆறும்வரை இரண்டு வாரத்துக்கு ஒன்றும் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் மறுபடி கக்கும், அடுத்த தடவை தாங்காது. ஏற்கெனவே எலும்பாக இருப்பவனுக்குத் தீனி கொடுக்காதே என்று சொல்ல வேண்டும். யாரிடம்?

இங்கேதான், மூன்று வாரம் தாமதமாக, அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அம்மா, இந்த வீட்ல பாம்புக்குத் தீனி வைக்கிறது யாரு?"

"நான்தான். அவளுக்கு எந்நேரமும் மீட்டிங். வந்த நாள்லேர்ந்து நான்தான் வைக்கிறேன்."

பாருங்கள். பாம்பு யாழினியுடையது, சான்று யாழினி பெயரில், பெட்டி யாழினி செய்தது, நான் யோசனை சொன்னதும் யாழினியிடம். இடுக்கி பிடிக்கிற கையிடம் ஏன் என்று ஒருவரும் ஒரு வார்த்தை விளக்கவில்லை.

"அப்ப உங்ககிட்டதாம்மா சொல்லணும். ரெண்டு வாரம் தாளடி பட்டினி கிடக்கணும்."

அவர் முகம் மாறியது. "இளைச்சுக் கெடக்குற புள்ளையப் பட்டினி போடச் சொல்றீங்களா? அன்னிக்கும் அவ இதத்தான் சொன்னா. பட்டினி போடுன்னு. எந்தக் கைக்கு சார் மனசு வரும்?"

"வயிறு ஆறணும்மா. தண்ணி குடிக்கலாம். தீனி மட்டும் கூடாது. பதினஞ்சாம் நாள் கொஞ்சமா ஆரம்பிக்கலாம்."

"தண்ணி குடிக்கலாமா?"

"தாராளமா."

"பதினஞ்சாம் நாள் முடிச்சிரலாமா?"

"ஆமா."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார். "அட என்ன சார் நீங்க! அது விரதம். விரதம்னு சொல்ல வேண்டியதுதானே? படிச்சவங்க ரெண்டு பேரு, ஒருத்தருக்குக்கூட அந்த வார்த்தை வரல பாருங்க. வருஷா வருஷம் மார்கழியில நானே ஏகாதசி இருக்கேன். விரதம்னு சொல்லியிருந்தீங்கன்னா எவனையும் கிட்ட அண்ட விட்டிருக்க மாட்டேன், என்னையும் சேத்து!"

உதவியாளர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அன்றே சமையலறை நாள்காட்டியில் பதினைந்து கட்டங்களுக்கு மஞ்சள் பொட்டு வைத்தார். எலி இருந்த ஃப்ரீசர் தட்டைக் கயிறு போட்டுக் கட்டினார். பெங்களூரிலிருந்து திரும்பிய யாழினி எட்டாம் நாள் மனசு கேட்காமல், "ஒரே ஒரு சின்ன எலி குடுத்துப் பாக்கலாமாம்மா?" என்று என்னோடு போனில் இருக்கும்போதே கேட்டாள். "விரதத்துல கை வெக்காதடி!" என்று விழுந்த அதட்டல் எனக்குப் போன் வழியாகவே கேட்டது. எந்த மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டும் அப்படிக் கடைப்பிடிக்கப்பட்டதில்லை.

தாளடி தண்ணீர் குடித்தான். சூட்டுப் பக்கம் வந்தான், போனான். ஒரு முறை தோலுரித்தான். ஆனால் தின்பானா என்பது தின்ன வைத்தால்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டால் கதை முடிந்தது. அந்த உடம்பு இன்னொரு வாரம் தாங்காது.

பதினைந்தாம் நாள் காலை, எல்லோரும் டப்பாவைச் சுற்றி நின்றோம். இருப்பதிலேயே சின்ன எலிக்குஞ்சு, வெந்நீரில் நனைத்துத் துடைத்தது. சந்திரா அம்மா இடுக்கியை என்னிடம் நீட்டினார்.

"நீங்கதாம்மா தீனி வைக்கிறவங்க" என்றேன், அவசரமாக.

"விரதம் சொன்னவர்தான் சார் முடிச்சு வைக்கணும். பிடிங்க."

யாழினி போனைத் தூக்கிப் பிடித்தாள். டப்பாவுக்குள் இடுக்கி நீண்டது. தாளடி அசையவில்லை. நாக்கு மட்டும் ஒரு தடவை வந்து போனது. இன்னும் கொஞ்சம் நீட்டினேன். அவன் தலையைத் திருப்பிக்கொண்டான். சந்திரா அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

அடுத்து என்ன நடந்தது என்பது உங்கள் எல்லோர் போனிலும் இருக்கிறது.

மறு வருடம் ஐந்து பேரும் முறையாக விரதம் இருந்து, முறையாகக் குளிர்ந்து, முறையாக எழுந்தார்கள். இப்போது ஐந்திலும் கொழுத்தவன் தாளடிதான். நான் பணியில் இருந்த மீதி நாட்களில் எந்த வீட்டு வாசலில் ஏறினாலும், மாடானாலும் கிளியானாலும், விலங்கைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடுவேன்: "யாருங்க தீனி வைக்கிறது?" உரிமையாளர் முன்னால் நின்று பேசிக்கொண்டே இருப்பார். பின்னால், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்ப்பார். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவர் வீட்டில் புழங்குகிற வார்த்தையில் சொல்லுங்கள். உங்கள் வைத்தியத்தில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

வீடியோவை இனி பார்க்கும்போது ஒரு உதவி செய்யுங்கள். சத்தத்தைக் கூட்டிவைத்துக் கடைசி மூன்று நொடியைக் கேளுங்கள். என் அலறலுக்கு அடியில் இன்னும் மூன்று குரல்கள் அலறிக்கொண்டிருக்கும். ஒன்று பெங்களூரிலிருந்து திரும்பியது, ஒன்று எண்பது மாட்டுக்கு அசையாதது, ஒன்று ஏகாதசி தவறாதது. அவர்கள் யாரும் பாம்புக்குப் பயந்தவர்கள் இல்லை.

என்னுடையதில் மட்டும் கொஞ்சம் பயமும் கலந்திருந்தது. ஒத்துக்கொள்கிறேன்.